படகுப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு, எங்கள் ஐயாவை முன்வைத்து ஒரு திறந்த மடல்

படகுப் பட்டறை முதலாளிகளுக்கும், அங்கே வேலையை நடத்தும் மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

எங்கள் முதலாளி இறந்த செய்தி வந்த நாளிலிருந்து உங்களில் பலர் அவரைப் பற்றிப் பேசியதையும் எழுதியதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேர்மையானவர், முன்கோபி, ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதவர், கை சுத்தமானவர், ஒத்துக்கொண்ட வேலையை அரைகுறையாக விடாதவர் என்றெல்லாம் சொன்னீர்கள். எல்லாமே உண்மை, அவரிடம் வேலை பார்த்த எங்கள் எல்லோர் சார்பிலும் நன்றி. ஆனால் கிட்டத்தட்ட எல்லா அஞ்சலியும் ஒரே இடத்தில் வந்து முடிகிறது: அந்த மாதிரி மனுஷன் இனிமேல் வரமாட்டார், அந்தக் காலம் அவரோடு போச்சு. இதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர் தன் பட்டறையில் செய்த முக்கியமான காரியம் பிறவிக் குணத்தால் தானாக வந்தது இல்லை. யோசித்து, பிடிவாதமாக, நஷ்டப்பட்டும் கைவிடாமல் வைத்திருந்த ஓர் ஏற்பாடு அது. நீங்கள் நினைத்தால் உங்கள் பட்டறையிலும் வைக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்த மடல். தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது, அதனால் நாங்கள் கூப்பிட்ட மாதிரியே ஐயா என்றே எழுதுகிறேன்.

ஏற்பாடு இதுதான். ஒரு படகில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், மூத்த மேஸ்திரியோ, புதிதாகச் சேர்ந்து உப்புத்தாள் பிடிக்கிற பையனோ, "இந்தப் படகு இன்னிக்கு இறங்காது" என்று சொல்லலாம். சொன்னால் வேலை நிற்கும். காரணத்தை ஒரு வரியில் சொன்னால் போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. "இந்த வால்வைத் திருகும்போது ஏதோ கொரகொரன்னு இருக்கு ஐயா" என்பதே போதுமான காரணம். அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, தளப்பலகையைத் தூக்கி, குனிந்து பார்ப்பார். சந்தேகம் சரி என்றால் படகுக்காரரிடம் பேசுவது அவர் பொறுப்பு, அப்போது எந்தப் பையன் நிறுத்தினான் என்று ஒருநாளும் சொல்லமாட்டார், நான்தான் நிறுத்தினேன் என்பார். சந்தேகம் தப்பாகப் போனால், "சரி, பார்த்தாச்சு, மூடு" என்பதோடு முடிந்தது. முறைப்பு இல்லை, சம்பளத்தில் பிடித்தம் இல்லை, அதை ஞாபகம் வைத்துப் பையனைக் கேலி பண்ணுகிற மேஸ்திரிக்குத்தான் திட்டு விழும்.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். நம் தொழிலில் பாதிக்கு மேல் மூடிப்போகிற வேலை. ஃபைபர் படகு என்றால் அச்சில் முதலில் வெளிப்பூச்சான ஜெல்கோட், அதன்மேல் கண்ணாடியிழை விரிப்பான மேட், அதை ஊறவைக்கும் பிசினான ரெசின், ரோலர், மறுபடியும் மேட், அப்புறம் தடித்த இழைத்துணியான ரோவிங், இப்படி ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கை மறைத்துக்கொண்டே போகிறது, கடைசியில் தளம் போட்டு இருக்கை வைத்துவிட்டால் உள்ளே நடந்தது எதையும் யாரும் பார்க்க முடியாது. வாங்குகிறவர் பார்ப்பது வெளியே மினுங்கும் வண்ணத்தையும் இருக்கையின் தையலையும். உள்ளே காற்றுக்குமிழி நின்றதா, ரெசின் போதாமல் இழை வறண்டு கிடந்ததா என்பது ரோலர் பிடித்தவனுக்கு மட்டும் தெரியும். முதலாளிக்குக்கூடத் தெரியாது. ஐயா இதை நன்றாக உணர்ந்திருந்தார். படகைப் பற்றிய மிக முக்கியமான தகவல் பட்டறையிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவன் கையில் இருக்கிறது, அவன் வாய் திறக்கப் பயந்தால் அந்தத் தகவல் வேறு எங்கேயும் கிடைக்காது என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார்.

ரெசினையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுகவைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் எடைக்கு 1 முதல் 2 சதவீதம் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. கூடினால் சூடேறிச் சுருங்கி வெடிப்பு விடும். குறைந்தால் அதைவிட மோசம், ஏனென்றால் மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே முழுதாக இறுகியிருக்காது, அன்றைக்கு எந்த அடையாளமும் தெரியாது. பல வருஷம் கழித்து அடிப்பக்கத்தில் கொப்புளம் கிளம்பும். ஜெல்கோட் வழியாக மெல்ல ஊடுருவிய தண்ணீர், உள்ளே மிச்சமிருந்த கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து அமிலத் திரவமாகி, அழுத்தம் ஏறித் தள்ளுகிறது. குத்தினால் வினிகர் வாடை, கண்ணாடி மாட்டாமல் குத்தினால் கண்ணில் பீய்ச்சும். அதைச் சரிபண்ண ஜெல்கோட்டை உரித்து, திரும்பத் திரும்பக் கழுவி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உலர்த்தி, எபாக்சி என்ற பிசினைப் பூச வேண்டும். படகுக்காரருக்கு அந்தப் பருவமே போய்விடும். இத்தனையும், "ஐயா, இந்த வாளிக்குக் கேட்டலிஸ்ட் ஊத்தினேனான்னு சந்தேகமா இருக்கு" என்று ஒரு பையன் அன்றைக்கே சொல்லிவிட்டால் நடக்காது. அந்த அடுக்கை அப்போதே வழித்து எடுத்துவிடலாம், ஒரு மதியம் போகும், கொஞ்சம் மேட் போகும், அவ்வளவுதான். எங்கள் பட்டறையில் பையன்கள் அதைச் சொன்னார்கள். சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மேல்தளத்தில் ஓட்டை போடுவதும் அப்படித்தான். உள்ளே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்த தளத்தில் ஒரு கொக்கி மாட்ட வேண்டும் என்றால், ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, எபாக்சி நிரப்பி, அது இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. அவசரத்தில் நேரடியாகத் துளைத்து, தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் பிதுக்கி, திருகாணி போட்டால் வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சீலண்ட் விட்டுப்போகிற அன்றைக்குத் தண்ணீர் உள்ளே இறங்கி மரம் ஊறி மக்க ஆரம்பிக்கும், தட்டிப் பார்த்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும், அதற்குள் தளத்தில் பெரும்பகுதி போயிருக்கும்.

தண்ணீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலைத் துளைத்து மாட்டியிருக்கிற வால்வுகளில்தான் ஐயாவின் கண்டிப்பு உச்சத்தில் இருக்கும். தண்ணீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 50 லிட்டருக்கு மேல் உள்ளே வரும், இது எளிய கணக்கு, பட்டறைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எங்களையே போட்டுப் பார்க்க வைத்தார். அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்ப் இருக்கிறதே என்று நாம் நினைப்போம். டப்பாவில் அச்சடித்த அளவு, குழாய் எதுவும் இல்லாமல், உயரம் எதுவும் ஏற்றாமல் அளந்தது. படகுக்குள் மாட்டி, வளைவுகளைத் தாண்டி ஒரு மீட்டர் மேலே ஏற்றித் தள்ளச் சொன்னால் அதில் பெரும்பங்கு காணாமல் போகும், பாட்டரி இறங்க இறங்க இன்னும் குறையும். அதனால் பம்பை நம்பி வால்வில் கஞ்சத்தனம் பண்ணாதே என்பார். பித்தளை வால்வும் வெண்கல வால்வும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், புதுசாக இருக்கும்போது பார்வைக்கு அதிக வித்தியாசம் தெரியாது, விலையில்தான் தெரியும். பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தை உப்புத்தண்ணீர் மெல்ல உறிஞ்சி எடுத்துவிடும். உருவம் அப்படியே நிற்கும், நிறம் மட்டும் இளஞ்சிவப்பாகும், ஒருநாள் கைப்பிடியைத் திருப்பும்போது பொடிந்து கையோடு வரும். இளஞ்சிவப்பு தெரிந்தால் எவனும் நிறுத்தலாம், என்னைக் கேட்க வேண்டாம் என்று பொதுவாகவே உத்தரவு போட்டிருந்தார். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும், அது உடைந்தால் ஓட்டையை அடைக்க, அதன் அளவுக்கு ஏற்ற மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடாமல் எந்தப் படகும் எங்களை விட்டுப் போனதில்லை.

அவர் நிறைய வாசிக்கிறவர், பழைய கப்பல் கதைகள் என்றால் உயிர். படகின் மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் கரைய மாட்டுகிற துத்தநாகக் கட்டை எதற்கு என்று பையன்களுக்குச் சொல்லித்தர அவர் எடுப்பது 1761இல் நடந்த கதையை. அலார்ம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடியில் புழு துளைக்காமலும் பாசி பிடிக்காமலும் இருக்கச் செம்புத் தகடு அடித்தார்கள். புழுவுக்கு அது நல்ல மருந்தாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வருஷத்தில் கழற்றிப் பார்த்தால் தகட்டைத் தாங்கிய இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து கிடந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை எடுக்காமல் விட்டிருந்த இடங்களில், செம்பும் இரும்பும் நேராகத் தொடாததால், ஆணி நன்றாக இருந்தது. இரண்டு உலோகம் உப்புத்தண்ணீரில் ஒன்றை ஒன்று தொட்டால் ஒன்று மற்றதைத் தின்னும் என்பதற்குக் கண்ணெதிரே கிடைத்த சாட்சி அது. 1824இல் ஹம்ப்ரி டேவி இதையே திருப்பிப் போட்டு, செம்பைக் காப்பாற்ற இரும்பையோ துத்தநாகத்தையோ பலி கொடுக்கலாம் என்று காட்டினார். இன்றைக்கு நாம் புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டில் மாட்டுகிற கட்டை அந்த வழியில் வந்தது. கதையை முடித்துவிட்டு ஐயா கேட்பார்: அந்தக் காகிதத்தை எடுக்காமல் விட்டவன், எடுத்தவன், இரண்டு பேருமே ஏதோ ஒரு கூலியாள்தானே, வித்தியாசம் தெரிகிற இடத்தில் இருந்தவர்களும் அவர்கள்தானே? அப்புறம்தான் கட்டையில் பெயின்ட் அடிக்காதே, பாதி கரைந்ததும் மாற்று, நன்னீரில் ஓடும் படகுக்கு மக்னீசியம் போடு என்கிற பாடமெல்லாம் வரும்.

ஆனால் அவர் அடிக்கடி சொன்ன கதை வாசாவுடையது. 1628ஆம் வருஷம் ஸ்வீடன் ராஜா கட்டிய போர்க்கப்பல். ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் கட்டி முடித்து நிற்கும்போது, கடலுக்குப் போகுமுன் ஒரு சோதனை நடந்தது. முப்பது ஆட்களை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து, கட்டின இடத்திலேயே கவிழ்ந்துவிடும் என்று சோதனையை நிறுத்தினார்கள். சோதனையைத்தான் நிறுத்தினார்கள், கப்பலை நிறுத்தவில்லை! ராஜா போர்க்களத்தில் இருந்து சீக்கிரம் அனுப்பு, சீக்கிரம் அனுப்பு என்று கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். வடிவமைத்த தலைமைத் தச்சர் முந்தைய வருஷமே இறந்துபோயிருந்தார். சோதனையைக் கண்ணால் பார்த்த கடற்படை அதிகாரி உட்பட அத்தனை பேருக்கும் கப்பல் சரியில்லை என்று தெரியும். ஆகஸ்ட் 10ஆம் தேதி பாய் விரித்தார்கள், சுமார் 1,300 மீட்டர் போனது, ஒரு காற்று அடித்ததும் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, பார்க்க வந்த ஜனக்கூட்டத்தின் கண்ணெதிரே மூழ்கியது. முப்பது பேரளவில் செத்தார்கள். விசாரணை நடந்தது, யாரும் தண்டிக்கப்படவில்லை. 1961இல் அதை மேலே எடுத்து இப்போது அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் ஐயா கவனித்தது வடிவமைப்புத் தவறை இல்லை. மேலே கனம் அதிகம், கீழே பாரம் போதவில்லை என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அவர் கவலை அந்த முப்பது ஆட்கள் மேல்தான். ஓடியவர்களுக்குக் காலடியில் தளம் நழுவியது தெரிந்திருக்கும், யாருடைய கணக்கையும்விட அவர்கள் கால்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், இருந்தும் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழியும் இல்லை, சொன்னால் கேட்கவும் ஆள் இல்லை. என் பட்டறையில் அப்படி ஒருத்தன் இருக்கக்கூடாது என்பார். எனக்குத் தெரிந்து இதை மட்டும்தான் அவர் குரல் உயர்த்தாமல் சொல்வார், மற்றதெல்லாம் கத்துவார்.

மேல்கனம் என்றதும் நீங்கள் தினமும் சந்திக்கிற வாடிக்கையாளர் ஞாபகம் வந்திருக்கும். கூரை போட்டுக் கொடுங்கள், கூரைமேல் நாலு பேர் உட்கார இடம் வேண்டும், தண்ணீர்த் தொட்டியையும் அங்கேயே வைத்துவிடலாமே. இப்படிக் கேட்டு வந்தவர்களை ஐயா திருப்பி அனுப்பியதை நாங்கள் பார்த்திருக்கிறோம், எங்களுக்கு வேலை போகிறதே என்று வயிற்றெரிச்சலோடுதான் பார்த்தோம். 1915இல் சிகாகோவில் ஈஸ்ட்லண்ட் என்ற பயணிகள் கப்பல் துறையில் கட்டின கயிறு அவிழ்க்குமுன்பே சாய்ந்து 844 பேர் செத்தார்கள். டைட்டானிக் மூழ்கிய பிறகு பாதுகாப்புக்கென்று கூடுதலாக ஏற்றிய உயிர்காப்புப் படகுகளும் மிதவைகளும், ஏற்கனவே ஆட்டம் காட்டும் அந்தக் கப்பலின் மேல்கனத்தை இன்னும் ஏற்றியிருந்தன. நல்ல எண்ணத்தில் ஏற்றிய கனமும் கனம்தான். கூரை போட்டே ஆகவேண்டும் என்று நின்றவர்களுக்கு, முதலில் மணல்மூட்டைகளை அந்த உயரத்தில் வைத்துக் கட்டி, ஒரு பக்கமாக ஆட்களை நிறுத்தி, படகு எவ்வளவு சாய்கிறது என்று துறையிலேயே அவர்கள் கண்ணில் காட்டுவார். பாதிப்பேர் அதோடு கூரையை மறந்துவிடுவார்கள்.

படகு இறக்கும் நாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் செய்யாமல் விடுவது இங்கேதான். படகு தண்ணீரைத் தொட்டதும் மாலை, படம், கைதட்டல் எல்லாம் நடக்கும், உடனே படகைத் தூக்கி இறக்கிய பட்டையைக் கழற்றிவிடுவீர்கள். எங்கள் பட்டறையில் தூக்கும் பட்டை படகுக்கு அடியிலேயே இருக்கும். தளப்பலகைகள் எல்லாம் திறந்து கிடக்கும், இரண்டு பேர் உள்ளே போய் ஒவ்வொரு வால்வையும், ஒவ்வொரு குழாய் இணைப்பையும், அதில் மாட்டிய இரண்டு கிளிப்பையும், ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்டையும் விரலால் தடவி, ஈரமா காய்ந்ததா என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் வந்த பிறகுதான் பட்டை கழலும். வந்திருக்கிற விருந்தாளிகள் முகம் சுளித்தாலும் சரி. கிளாண்டில் பேக்கிங் கயிறு போட்ட பழைய மாதிரி என்றால் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும், ஒரு சொட்டுகூட விழக்கூடாது என்று முறுக்கிவிட்டால் சூடேறி ஷாஃப்டையே அறுத்துவிடும், இதைப் படகுக்காரருக்குப் பொறுமையாக விளக்குவதும் அன்றைய வேலையில் சேர்த்தி. எஞ்சினையும் ஷாஃப்டையும் தரையிலேயே நேர் பார்த்திருந்தாலும், தண்ணீரில் ஒரு நாளாவது மிதந்த பிறகு மறுபடி பார்ப்பார், ஏனென்றால் தாங்குகட்டையில் நிற்கும்போது இருக்கிற வடிவம் தண்ணீரில் இருக்காது. எஞ்சினும் ஷாஃப்டும் சேரும் இணைப்புத் தட்டின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பெட்ரோல் எஞ்சின் என்றால், எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் காற்றாடியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, குனிந்து மூக்கால் முகர்ந்து பார்த்த பிறகுதான் சாவி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் போய்த் தேங்கும், மேலே நிற்கிறவனுக்கு வாடையே வராது.

இப்போது பணத்துக்கு வருகிறேன், உங்கள் மனசில் ஓடுவது அதுதான் என்று தெரியும். யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றால் தொழில் எப்படி நடக்கும், வாடிக்கையாளர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடமாட்டாரா? போனார்கள். ஐயா நல்ல வேலைகள் சிலவற்றை இழந்தார், அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அவர் வெறும் நல்ல மனசை வைத்துக்கொண்டு இதை நடத்தவில்லை, கணக்கையும் அதற்கேற்ற மாதிரி மாற்றி வைத்திருந்தார், எனக்கு அவர்மேல் மரியாதை கூடியதே இதைப் புரிந்துகொண்ட பிறகுதான். விலைப்பட்டியலிலேயே, இறக்கும் தேதி சோதனை முடிவைப் பொறுத்தது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார், வாய்விட்டுப் படித்தும் காட்டுவார். கடைசித் தவணைப் பணத்தைப் படகு இறங்குகிற அன்று வாங்கமாட்டார், தண்ணீரில் ஓட்டிப் பார்த்து முடித்த பிறகுதான். இதனால் எங்களுக்கோ அவருக்கோ படகைச் சீக்கிரம் இறக்குவதில் எந்த லாபமும் இல்லாமல் போனது. மேஸ்திரிகளுக்கு ஊக்கத்தொகை இத்தனை படகு இறக்கினால் இவ்வளவு என்று கிடையாது, ஒரு வருஷத்துக்குள் நம் தவறால் திரும்பி வராத படகுக்குத்தான் தொகை. இந்த மூன்றையும் மாற்றாமல் பையனைப் பார்த்து "தைரியமா சொல்லுடா" என்று மட்டும் சொன்னால் அவன் சொல்லமாட்டான். ஏன் சொல்லவேண்டும்? அவன் வாயைத் திறந்தால் மேஸ்திரிக்குக் காசு குறையும் என்று அவனுக்குத் தெரியுமே.

அதிகாரத்தைத் தப்பாகப் பயன்படுத்துவார்கள், வேலை செய்யாமல் இருக்கச் சாக்கு சொல்வார்கள் என்கிறீர்கள். நாங்கள் இருந்த அத்தனை காலத்தில் அப்படி யாரும் செய்து நான் பார்க்கவில்லை. நிறுத்தினால் ஐயாவே வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எங்கே, எப்படி, எப்போது தெரிந்தது என்று கேட்பார், சோம்பேறித்தனத்துக்காக அந்தக் கேள்விகளை எவனும் வாங்கிக்கட்டிக்கொள்ளமாட்டான்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டேன். பிற்பாடு நான் வேலை செய்த ஓர் இடத்தில், அதன் பெயர் இங்கே வேண்டாம், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயின் ரப்பர் வெடிப்பு விட்டிருப்பதை ஓர் உதவியாள் காட்டினான். நானும் சொன்னேன். வாடிக்கையாளர் ஆட்களோடு வந்து நிற்கிறார், போய் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார் மேற்பார்வையாளர். படகு போய் வந்தது, நல்லபடியாகத்தான் வந்தது, ராத்திரி துறையில் கட்டிப்போட்ட இடத்தில் எஞ்சின் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதற்கப்புறம் அந்த உதவியாள் எதையும் காட்டுவதில்லை, தலையைக் குனிந்துகொண்டு கொடுத்த வேலையைச் செய்தான், சில மாதத்தில் தொழிலையே விட்டுப் போய்விட்டான். கண்ணும் காதும் கூர்மையான பையன் அவன், ரெசினில் கை பழகினால் நல்ல மேஸ்திரியாக வந்திருப்பான். ஆட்கள் கிடைப்பதில்லை, இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்று நீங்கள் பேசிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வருகிறது, கோபமும் வருகிறது.

ஐயா ஆட்களை வளர்த்த விதத்தைத் தனியாக எழுத வேண்டும், இங்கே கொஞ்சம் மட்டும். புதிதாக வருகிறவன் முதலில் ஒரு சின்னத் தட்டில் மேட்டும் ரெசினும் போட்டுப் பழகுவான். அது இறுகியதும் அவனையே நடுவில் அறுக்கச் சொல்லி, வெட்டுமுகத்தைத் தண்ணீர்த்தாளால் தேய்த்து, குமிழி எங்கே நின்றிருக்கிறது என்று எண்ணச் சொல்வார். அவர் எண்ணமாட்டார். படகில் வால்வு மாட்டத் துளைபோடும்போது வட்டமாக ஒரு துண்டு வரும் அல்லவா, அதைத் தூக்கிப்போட விடமாட்டார். படகின் எண்ணை எழுதி, தேதி போட்டு, யார் போட்ட அடுக்கு என்று குறித்துப் பெட்டியில் வைப்பார். அந்தப் படகின் அடிப்பக்கம் எத்தனை அடுக்கு, எவ்வளவு கனம், ரெசின் எப்படி ஊறியிருக்கிறது என்று பல வருஷம் கழித்தும் கையில் எடுத்துப் பார்க்கலாம். மரப்படகில் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை தெரிந்த பெரியவர்கள் இருந்த வரைக்கும், அவர்களுக்கு வேலை இல்லாத நாளிலும் கூலி கொடுத்து, பையன்களைப் பக்கத்தில் உட்காரவைத்தார். முகமூடி, கையுறை, கண்ணாடி இல்லாமல் எவனும் கேட்டலிஸ்ட் புட்டியைத் திறக்கக்கூடாது, கண்ணில் ஒரு சொட்டு பட்டால் பார்வையே போகும். ரெசின் வேலை நடக்கும்போது காற்றை இழுக்கும் விசிறி நின்றுபோனால் வேலையும் நிற்கும், அதற்கும் யாரையும் கேட்க வேண்டாம்.

நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. அவர் பெயரில் விருது வைக்கலாம், படம் திறக்கலாம் என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன், நல்ல மனசுதான், ஆனால் அதை அவர் விரும்பியிருக்கமாட்டார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு படகுக்கும் நீங்கள் வைத்திருக்கிற வேலைச்சீட்டில் ஒரு வரி சேருங்கள்: இந்தப் படகில் வேலை செய்த எவரும் இதை நிறுத்தலாம், நிறுத்தியவர் கூலி குறையாது. கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள், மேஸ்திரியுடையது போதாது. கடைசித் தவணையை இறக்கும் நாளிலிருந்து ஓட்டிப் பார்க்கும் நாளுக்குத் தள்ளுங்கள். ஒரே ஒரு பருவத்துக்குச் செய்து பாருங்கள், பையன்கள் என்னென்ன காட்டுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அவருடைய வேலைச்சீட்டு மாதிரி, விலைப்பட்டியல் வாசகம், இறக்கும் நாளில் பார்க்கிற வரிசை, இவையெல்லாம் அவர் கைப்பட எழுதிய நோட்டுகளில் எங்களிடம் இருக்கின்றன. குடும்பத்தின் அனுமதியோடு படி எடுத்து வைத்திருக்கிறோம், எந்தப் பட்டறைக்கும் கொடுப்போம், காசு வேண்டாம். துளைபோட்ட துண்டுகள் இருக்கிற பெட்டிகளும் அப்படியே இருக்கின்றன, அவர் கட்டிய படகு உங்களிடம் பழுதுக்கு வந்திருந்தால் எண்ணைச் சொல்லுங்கள், அதன் துண்டைத் தேடி எடுத்துத் தருகிறோம். எங்களில் சிலர் உங்கள் பட்டறைக்கு நேரில் வந்து பையன்களுக்குச் சொல்லித்தரவும் தயாராக இருக்கிறோம். பருவம் தொடங்கி வேலை நெருக்கடி வருமுன் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஐயாவிடம் வேலை கற்ற ஒருவன்